அக்காவின் அவைக்குப் போன மசோதா

தி ஹேக்
8 அக்டோபர் 1987

அக்கா,

ஜெயித்துவிட்டேன்! வானொலியில் கேட்டிருப்பாய். ஆனாலும் என் வாயால் உனக்குச் சொல்லாவிட்டால் எனக்கு இன்று தூக்கம் வராது. காணாமல் போன கடலோடிகள் மசோதா இன்று மதியம் எங்கள் அவையில் நிறைவேறியது.

மூன்று வருஷம், அக்கா. மந்திரி ஒரு மசோதா கொண்டுவந்தால் அவருக்குப் பின்னால் ஒரு துறையே நிற்கும். என்னைப் போன்ற தனி உறுப்பினன் கொண்டுவந்தால் அவனும் ஒரு தட்டச்சு இயந்திரமும்தான். அரசுக்கு யோசனை சொல்லும் சபை அதைக் கிழித்துத் தொங்கவிட்டது. குழுவில் கேள்வி மேல் கேள்வி. இரண்டு நாள் விவாதத்தில் தொண்டை போயே போய்விட்டது. கடைசியில் கைகள் எழுந்தன. பாதிக்கு மேல் ஒரு சில கைகள்தான், ஆனால் அது போதும்.

கணவன் கடலுக்குப் போய்த் திரும்பாவிட்டால் மனைவி இனி ஐந்து வருஷம் காத்துக் கிடக்க வேண்டாம். ஆறே மாதத்தில் நீதிமன்றத்துக்குப் போய் இறப்புச் சான்று வாங்கலாம். அது கையில் இருந்தால்தானே விதவைப் பணம், வீட்டின் மேல் உரிமை எல்லாம்? நம் அம்மா பட்ட பாட்டை இன்னொருத்தி படக் கூடாது என்றுதான் நான் அரசியலுக்கே வந்தேன். உனக்குத் தெரியாததா.

பிரெஸ்கென்ஸ் ஊரில் சுசன்னா என்று ஒரு பெண். போன பிப்ரவரியில் அவள் புருஷன் அரி போன படகு திரும்பவில்லை. இரண்டு பெண் குழந்தைகள். திங்கட்கிழமை தவறாமல் எனக்குப் போன் செய்வாள். இன்று நானே கூப்பிட்டுச் சொன்னேன். "நெசமாவா அண்ணே? இனிமே யார் கேட்டாலும் ஒரு பதில் சொல்லலாம் இல்ல?" என்றாள்.

இனி பந்து நம் இரண்டு அவைக்கும் நடுவிலுள்ள முற்றத்தைத் தாண்டி உங்கள் பக்கம். நம் டச்சுக்காரர்களின் கணக்கைப் பார்: மசோதா முதலில் போவது எங்கள் இரண்டாம் அவைக்கு, இரண்டாவதாக வருவது உங்கள் முதல் அவைக்கு. பெயர் வைத்தவன் தலைகீழாக நின்று வைத்திருப்பான்.

செவ்வாய்க்கிழமை உங்கள் அவை முடிந்ததும் வழக்கம்போல் வீட்டுக்கு வா. சிப்பி நன்றாக வருகிறது. இரண்டு கிலோ வாங்கி வைக்கிறேன்.

உன் ரினுஸ்


மிடல்பர்க்
14 அக்டோபர் 1987

அன்புள்ள ரினுஸ்,

நேற்று நான் வரவில்லை என்று கோபித்துக்கொண்டிருப்பாய். இரண்டு கிலோவையும் நீயே தின்று வயிறு கெட்டிருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

வாழ்த்துகள். உன் பேச்சின் அச்சுப் பிரதியை முழுக்கப் படித்தேன். நன்றாகப் பேசியிருக்கிறாய். அப்பாவுக்கும் அந்தக் குரல்தான், எதிர்க்காற்றில் கூப்பிட்டாலும் கரைக்குக் கேட்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கட்சியில் சட்ட விவகாரங்கள் என் பொறுப்பு. உன் மசோதா என் மேஜைக்குத்தான் வரும். என் மேஜையில் உன் மசோதா இருக்கும்வரை உன் மேஜையில் நான் சாப்பிட மாட்டேன். முற்றத்தில் எதிரெதிரே பார்த்தால் வணக்கம் சொல்வோம், அவ்வளவுதான். வாய்ப்பேச்சு என்றால் நீ என்னைச் சிரிக்க வைத்துக் காரியத்தைச் சாதித்துவிடுவாய். ஆறு வயதிலிருந்து அதைத்தான் செய்கிறாய். எழுது, பதில் எழுதுகிறேன்.

மசோதாவைப் படித்தேன். நீ முதலில் எழுதிய வரைவு எனக்கு நினைவிருக்கிறது. மனைவியோ பிள்ளைகளோ மனுக் கொடுத்தால் நீதிமன்றம் விசாரிக்கும் என்று இருந்தது. இப்போது நான்காம் பிரிவில் ஒரு வாசகம் புதிதாக முளைத்திருக்கிறது. படகு முதலாளி, காப்பீட்டுக் கம்பெனி, கடன் கொடுத்தவர், இவர்களும் மனுக் கொடுக்கலாமாம். மனைவியின் சம்மதம் தேவையில்லையாம். இது எங்கிருந்து வந்தது?

குளிர் ஆரம்பித்துவிட்டது. கழுத்தை மூடிக்கொண்டு சைக்கிள் ஓட்டு.

யாகோமினா


தி ஹேக்
17 அக்டோபர் 1987

அக்கா,

சாப்பாட்டைக் கூடவா நிறுத்துவார்கள்? உன் நேர்மையை ஊறுகாய் போட்டு வைத்துக்கொள்.

கேட்டாய், சொல்கிறேன். அந்த வாசகத்தைக் கொண்டுவந்தது வணிகர்களின் கட்சி. திருத்தத்தை ஏற்றுக்கொண்டால் அவர்கள் பன்னிரண்டு பேரும் கை தூக்குவதாகச் சொன்னார்கள். ஏற்காவிட்டால் மசோதா அங்கேயே கவிழ்ந்திருக்கும். எழுந்து நின்று, எனக்கு ஆட்சேபம் இல்லை என்றேன். எங்கள் அவையில் இப்படித்தான் சட்டம் பிறக்கிறது. ஒருவன் மாவு கொண்டுவருவான், ஒருவன் உப்புப் போடுவான், இன்னொருவன் அடுப்பைத் தர ஒரு விலை கேட்பான். கொடுக்காமல் ரொட்டி கிடைக்காது.

உங்களுக்கென்ன? வாரத்தில் ஒரு நாள் ரயிலேறி வருகிறீர்கள். பட்டு நாற்காலியில் உட்கார்ந்து கூரை ஓவியத்தைப் பார்க்கிறீர்கள். ஒரு காற்புள்ளியை மாற்றக்கூட உங்களுக்கு அதிகாரம் இல்லை. சொல்ல முடிந்தது இரண்டே வார்த்தை, ஆதரவு அல்லது எதிர்ப்பு. அப்புறம் எதற்கு நான்காம் பிரிவை நோண்டுகிறாய்? அதற்காக மொத்தத்தையும் எதிர்ப்பாயா? எதிர்த்தால் செத்தது. சுசன்னா இன்னும் நாலு வருஷத்துக்கு மேல் மனைவியும் இல்லை, விதவையும் இல்லை. அதை அவளுக்கு நீ போன் செய்து சொல்வாயா?

யார் மனுக் கொடுத்தால் என்ன? காகிதம் சீக்கிரம் கிடைத்தால் அவளுக்கு நல்லதுதானே? அம்மாவை இந்தச் சட்டம் ஒன்பது வருஷம் அலைக்கழித்தது. ஒன்பது வருஷம்! ஒரு படகு முதலாளி குறுக்கே வந்து ஆறாம் மாதமே முடித்து வைத்திருந்தால் நான் அவன் கையைப் பிடித்து முத்தம் கொடுத்திருப்பேன். நீயும் தினம் பன்னிரண்டு மணி நேரம் கூலிக்கு இறால் உரித்திருக்க வேண்டாம்.

யோசி.

ரினுஸ்


மிடல்பர்க்
2 நவம்பர் 1987

ரினுஸ்,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை ஆரம்பித்தேன். கோபத்தில் எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சட்டம் அம்மாவை ஒன்பது வருஷம் காக்க வைக்கவில்லை. ஐந்து வருஷம்தான் காக்க வைத்தது. மீதி நாலு வருஷம் அம்மா தானாகக் காத்திருந்தாள்.

அப்பா போனபோது உனக்கு ஏழு வயது. ஐந்து வருஷம் முடிந்தபோது பன்னிரண்டு. உனக்கு யாரும் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. படகு முதலாளியின் ஆள் நம் ஆர்னெமாய்டன் வீட்டுக்கு ஒவ்வொரு வருஷமும் வருவார். அப்பாவைச் செத்தவராகப் பதியாததால் படகின் பங்குக் கணக்கை முடிக்க முடியவில்லை என்பார். மனுவை அவரே எழுதிக்கொண்டு வருவார், கையெழுத்துதான் பாக்கி. அம்மா அவருக்குக் காப்பி கொடுப்பாள், ஒரு பிஸ்கட்டும் கொடுப்பாள். பிறகு அந்தக் காகிதத்தை மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

அந்த நாலு வருஷமும் இறால் உரித்தது யார் என்று உனக்குத் தெரியும். என் விரல்கள் இன்றும் குளிரில் மடங்குவதில்லை. பத்தொன்பது வயதில் ஒரு நாள் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். "செத்துப் போனவருக்காக உசிரோட இருக்கிற எங்களைச் சாகடிக்கிறியேம்மா, ஒரு கையெழுத்துத்தானே!" என்றேன். அம்மா உரிப்பதை நிறுத்தவில்லை. "கடல் அவரைக் கொன்னுச்சான்னு எனக்குத் தெரியாது மினா. நான் கையெழுத்துப் போட்டேன்னா, கொன்னது யாருன்னு தெரிஞ்சுரும். இன்னும் கொஞ்ச நாள் குடு," என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பாவின் சவர பிரஷை வெந்நீரில் நனைத்துத் துடைத்து வைப்பாளே, ஞாபகம் இருக்கிறதா? காய்ந்தால் மயிர் உதிர்ந்துவிடுமாம். நீ அதை விளையாட்டு என்று நினைத்துச் சோப்பு நுரை கேட்பாய்.

1958-இல் ஒரு வியாழக்கிழமை, யாரும் சொல்லாமல், தேவாலயத்துக்குப் போகும் உடுப்பையும் வெள்ளைத் தொப்பியையும் போட்டுக்கொண்டு, "கோர்ட்டுக்கு வா" என்று என்னைக் கூப்பிட்டாள். போனோம். கையெழுத்துப் போட்டாள். அந்தச் சனிக்கிழமை பிரஷை நனைக்கவில்லை. ராத்திரி முழுக்கத் தூங்கினாள். அதற்கு முன் அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

இப்போது உன் நான்காம் பிரிவை எடுத்துக்கொள். அந்தச் சட்டம் அன்று இருந்திருந்தால் அந்த ஆள் காப்பி குடிக்க வந்திருக்கவே மாட்டார். ஆறாம் மாதம் தபாலில் வந்திருக்கும், உன் புருஷன் செத்துவிட்டார் என்று. நான் இறால் உரித்திருக்க மாட்டேன், உண்மைதான். பள்ளிக்கூடம் போயிருப்பேன். முப்பது வயதில் மாலை வகுப்பில் உட்கார்ந்து சட்டம் படித்திருக்க வேண்டாம். அந்த நாலு வருஷத்தின் விலையைக் கொடுத்தவள் நான். கொடுத்தவளே சொல்கிறேன், அதை அவளிடமிருந்து யாரும் பிடுங்கியிருக்கக் கூடாது.

உன் சட்டம் வேண்டும், தம்பி. முழு மனதோடு சொல்கிறேன். காத்திருக்க முடியாதவளுக்கு ஆறு மாதத்தில் கதவு திறக்கட்டும். ஆனால் உள்ளே போவது அவளாக இருக்க வேண்டும். இப்போது இருக்கிறபடி வந்தால் நான் எதிர்ப்பு என்றுதான் சொல்வேன். என் கட்சி இதில் என் பின்னால் வரும், மசோதா விழும். உனக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

ஒரு காற்புள்ளியைக்கூட எங்களால் மாற்ற முடியாது, நீ சொன்னது சரி. ஆனால் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்க முடியும். உங்கள் அவையில் ஒரு சின்ன மசோதா கொண்டுவா, நான்காம் பிரிவிலிருந்து அந்த வாசகத்தை மட்டும் வெட்டும்படி. அது முற்றத்தைத் தாண்டி வரும்வரை பெரியதை நாங்கள் தொட மாட்டோம். இரண்டையும் சேர்த்தே வாக்குக்கு விடுவோம். இதற்கு முன்னாலும் பல தடவை செய்ததுதான்.

இங்கே எல்லோரும் சௌக்கியம்.

உன் அக்கா


தி ஹேக்
29 நவம்பர் 1987

அக்கா,

நாலு வாரமாக எழுதவில்லை. என்ன எழுதுவது? என் மேடைப் பேச்சு எல்லாவற்றிலும் அந்த ஒன்பது வருஷம் வரும். கேட்கிறவர்கள் கண்ணைத் துடைப்பார்கள். இப்போது அதைச் சொல்ல வாய் வரவில்லை.

முதலில் உன் மேல் கோபம் வந்தது, ஏன் சொல்லவில்லை என்று. பிறகு அம்மா மேல். பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. 1958-இல்தான் எனக்கு மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. பணத்துக்காகத்தான் கையெழுத்துப் போட்டாளா? எனக்காகவா? இதற்கு மட்டும் பதில் சொல்.

வணிகர் கட்சித் தலைவரிடம் பேசினேன். "டி நோயர், வாங்குன சாமானைத் திருப்பிக் குடுக்க வந்தீங்களா? எங்க கடையில அந்தப் பழக்கம் இல்ல," என்று சிரித்தார். அந்தப் பன்னிரண்டு கைகளும் போயின. சின்ன மசோதாவுக்கு வேறு பன்னிரண்டு கைகள் வேண்டும். உங்கள் கட்சிக்காரர்கள் என் அவையில் நிறைய இருக்கிறார்கள். நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

ரினுஸ்


மிடல்பர்க்
3 டிசம்பர் 1987

ரினுஸ்,

சொல்லக் கூடாது. அது உன் அவை, உன் வேலை. அங்கே நான் போன் செய்தால், நாளைக்கு அவர்கள் எனக்குப் போன் செய்வார்கள். அப்புறம் இரண்டு அவை எதற்கு, ஒன்றே போதும்.

நீ கேட்டதற்குப் பதில். அன்று கோர்ட்டிலிருந்து திரும்பும்போது நானும் அதைத்தான் கேட்டேன், "ரினுஸ் படிப்புக்காகவாம்மா?" என்று. "அவன் படிப்புக்கு நீ உரிக்கிறே, நான் உரிக்கிறேன், அது நடக்கும். நேத்து அவர் முகத்தை நெனைச்சுப் பார்த்தேன், சட்டுனு வரல. போய்ட்டாருன்னு அப்பத்தான் தெரிஞ்சுது," என்றாள். ஆகவே நீ அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டாம். அது அவளுக்கும் அவருக்கும் நடுவில் நடந்தது.

சிந்தர்கிளாஸ் பண்டிகைக்கு வழக்கம்போல் உன் பெயரின் முதல் எழுத்தைச் சாக்லெட்டில் அனுப்பியிருக்கிறேன். பரிசோடு வைக்கும் கேலிப் பாட்டு இந்த வருஷம் கிடையாது. மசோதா நிலுவையில் இருக்கும்போது முன்மொழிந்தவரைக் கேலி செய்வது முறையில்லை. எட்டு வரி மனதுக்குள் தயாராக இருக்கிறது, காத்திருக்கட்டும்.

யாகோமினா


தி ஹேக்
10 மார்ச் 1988

அக்கா,

சின்ன மசோதா இன்று தாண்டியது!

உங்கள் கட்சிக்காரர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தேன். மேடைக் குரலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். நாலு வருஷம் அம்மா தானாகக் காத்திருந்ததை மட்டும் சொன்னேன். உன் கதையைச் சொல்லாதே என்று நீ சொல்லவில்லை, ஆனாலும் உன் இறாலைப் பற்றி மூச்சு விடவில்லை. உங்கள் கட்சியில் அந்த வழுக்கைத் தலையர் இருக்கிறாரே, மூன்று வருஷமாக என்னைக் கண்டால் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பிப்பவர், அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமேய்யா. உங்க பேச்சுல இதுவரைக்கும் சட்டம்தான் கெட்டவனா வந்துச்சு, உங்கம்மா வரவே இல்ல," என்றார். இன்று முதலில் எழுந்தது அவர் கைதான்.

வணிகர்கள் பன்னிரண்டு பேரும் எதிர்த்தார்கள். போகட்டும்.

என் மசோதாவுக்காக வாதாட நானேதான் உங்கள் அவைக்கு வர வேண்டுமாம், மந்திரிகள் உட்காரும் மேஜையில். ஏப்ரல் மாதம் என்கிறார்கள். உன் எதிரே உட்கார்ந்து, உன் கேள்விக்கு, அவைத்தலைவர் வழியாக, மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும். கொஞ்சம் பார்த்துக் கேள்.

ரினுஸ்


மிடல்பர்க்
20 ஏப்ரல் 1988

அன்புள்ள ரினுஸ்,

நேற்று நடந்ததை நீயும் பார்த்தாய். ஆனாலும் என் பக்கத்திலிருந்து எப்படி இருந்தது என்று எழுதத் தோன்றுகிறது.

நீ நுழைந்தபோது உன் கழுத்துப்பட்டை கோணலாக இருந்தது. எழுந்து வந்து சரி செய்ய வேண்டும்போல் என் கை பரபரத்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

என் முதல் கேள்விக்கு நன்றாகப் பதில் சொன்னாய். இரண்டாவது கேள்வி கடினமானது, தெரிந்தேதான் கேட்டேன். மனைவி காத்திருக்க விரும்பி, பிள்ளை அவசரப்பட்டால் என்ன செய்வது? நீ தண்ணீர் குடித்தாய். எழுந்தாய். "அவைத்தலைவர் அவர்களே, அந்த வீட்ல முடிவு அம்மாவோடதுதான் அக்கா," என்றாய்.

யாரோ சிரித்தார்கள், அவைத்தலைவரும் சிரித்தார். நீ காது வரை சிவந்து போனாய். இன்று காலை அச்சுப் பிரதி வந்தது. சுருக்கெழுத்தாளர்கள் உன்னைக் காப்பாற்றிவிட்டார்கள். "மதிப்புக்குரிய உறுப்பினர் அவர்களே" என்று இருக்கிறது. எனக்கு அதில் ஏமாற்றம்தான்.

பெயர் சொல்லி வாக்கெடுக்க வேண்டும் என்று கேட்டது நான்தான். மற்றவர்கள் தூக்கும் கைகளுக்குள் என் கையும் அடையாளம் தெரியாமல் கலந்துவிட நான் விரும்பவில்லை. "டி நோயர் அம்மையார்" என்று கூப்பிட்டதும் "ஆதரவு" என்று சொன்னேன். எதிர்பார்த்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. அப்போது உன்னைப் பார்த்தேன். நீ கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாய். ஓவியத்தை ரசிக்கிற ஆள் நீ இல்லை என்று எனக்குத் தெரியும், கண்ணில் இருப்பது வழியாமல் இருக்கத்தான்.

எனக்கு உன்னால் பெருமையாக இருக்கிறது. இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். என் மேஜையில் இனி உன் மசோதா இல்லை. வருகிற செவ்வாய் வருகிறேன், இரண்டு கிலோ போதாது.

இத்துடன் ஒரு சின்னப் பொட்டலம். அப்பாவின் பிரஷ்தான். மயிர் ஒன்றும் உதிரவில்லை. இனி உன்னிடம் இருக்கட்டும்.

உன் அக்கா மினா


தி ஹேக்
9 ஜூன் 1988

அக்கா,

செவ்வாய்க்கிழமை எப்படியும் வருவாய், புது ஹெர்ரிங் மீனும் வந்துவிட்டது. ஆனால் அதுவரை எனக்குப் பொறுக்கவில்லை.

அரசி கையெழுத்துப் போட்டு, மந்திரி கையெழுத்துப் போட்டு, அரசிதழில் அச்சாகி, சட்டம் இப்போது சட்டமாகிவிட்டது. இன்று சுசன்னா தி ஹேக்குக்கு வந்தாள், இரண்டு குழந்தைகளோடு. எனக்கு ஒரு தகர டப்பா நிறையச் சர்க்கரை ரொட்டி. நான் அரசிதழின் ஒரு பிரதியைக் கொடுத்து, எந்த நீதிமன்றம், எந்த மாடி, யாரைப் பார்க்க வேண்டும் என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"எல்லாம் தெரியும் அண்ணே. போன வாரம் அந்தக் கோர்ட்டு வாசல் வரைக்கும் போனேன். உள்ள போகல."

"ஏம்மா?"

"இன்னிக்குக் காலையில கெளம்பறப்பக்கூட அவர் சைக்கிளுக்குக் காத்து அடிச்சுட்டுத்தான் வந்தேன். அந்தப் பழக்கம் நிக்கிற வரைக்கும் எப்படிப் போவேன்? போகலாம்னு ஆனதே பெரிய நிம்மதி அண்ணே. போன மாசம் காப்பீட்டு ஆபீஸ் ஆள் வந்து எப்ப போறீங்கன்னு கேட்டாரு. எனக்குத் தோணுறப்பன்னு சொன்னேன். பையை எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டாரு."

மூன்றரை வருஷம், இரண்டு அவை, இரண்டு மசோதா, ஒரு அரசி. அவளைப் போன்றவர்களுக்காகத்தான் ஓடினேன், அவள் வாசல் வரை போய்த் திரும்பிவிட்டாள். போன அக்டோபர் ரினுஸாக இருந்தால் மேஜையைக் குத்தியிருப்பான்.

நான் என்ன கேட்டேன் தெரியுமா? "டியூப்ல காத்து நிக்குதாம்மா, இல்ல மாத்தணுமா?" என்று கேட்டேன்.

பின்பக்கத்து டியூப் ஒழுகுகிறதாம். சனிக்கிழமை பிரெஸ்கென்ஸ் போய் ஒட்டிக் கொடுத்துவிட்டு வருகிறேன்.

உன் ரினுஸ்